அணிபவரை அறிவது எப்படி? தோல் வட்டாரக் காலணிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கேள்வியின் பின்னணி

காலணி செய்பவர் அதை அணியப் போகிறவரைப் பற்றி எவ்வளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும்? அதை எந்த வழியில் தெரிந்துகொள்வது? பொருள் செய்யும் எல்லாத் தொழிலுக்கும் உரிய கேள்விதான் இது. காலணியில் மட்டும் அது சற்றுக் கூர்மையாகிவிடுகிறது. நாற்காலி கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். காலைக் கடிக்கும் செருப்போடு பேருந்து நிறுத்தம்வரை நடப்பதே பெரும்பாடு.

காலைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, அந்த அளவுக்குத் தோல் வெட்டித் தைத்த காலத்தில் இந்தக் கேள்வி எழத் தேவையில்லை. தைத்தவரும் அணிந்தவரும் ஒரே ஊர்க்காரர்கள். வார் அறுந்தால் செருப்பு தைத்தவரிடமே திரும்பி வரும். எங்கே அறுந்தது என்பது அடுத்த ஜோடிக்கான பாடமாகிவிடும். ஆலை உற்பத்தி வந்தபோது அந்தத் திரும்பிவரும் வழி அடைபட்டது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் பாலாற்றுத் தோல் வட்டாரத்தில் இது இன்னொரு விதமாக நடந்தது. இங்கிருந்து நெடுங்காலம் வெளியே போனது ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பாதி பதனிட்ட தோல். அதைக் கடைசியில் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று டேனரிக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. 1972இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி, மதிப்புக் கூட்டிய பொருள்களை ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு முதல் கட்டுப்பாடுகள் வந்தன. வட்டாரம் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும், பிறகு ஷூவின் மேற்பகுதியான அப்பருக்கும், பிறகு முழு ஷூவுக்கும் நகர்ந்தது. சதுர அடிக் கணக்கில் தோல் விற்ற ஊர்கள் ஜோடிக் கணக்கில் காலணி விற்கத் தொடங்கின. அந்த ஜோடிக்குள் நுழையப் போகும் காலோ பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்தது.

அந்தக் காலைப் பற்றிய அறிவு லாஸ்ட் எனப்படும் கால் அச்சாகவும், சாம்பிளாகவும், பையர் அனுப்பும் விவரத் தாளாகவும் வந்து சேர்கிறது. அணிபவரை அறியும் வேலை வேறெங்கோ முடிந்துவிடுகிறது. அதன் முடிவு மட்டும் இங்கே வருகிறது. அந்த வேலை எப்படிச் செய்யப்படுகிறது, எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளை ஐந்து நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம். அவற்றைப் பார்க்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனத்தில் வைப்பது உதவும். புதிய யோசனை ஒன்றைக் கண்டெடுப்பது ஒரு வேலை. அந்த யோசனை நிற்குமா என்று சோதிப்பது வேறு வேலை. இந்த விவாதத்தின் பல பூசல்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதால் வந்தவை என்றே தோன்றுகிறது.

முதல் நிலைப்பாடு: அளந்தால் தெரியும்

அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரெய்ஃபஸ் 1955இல் வெளியிட்ட நூலில் ஜோ, ஜோசபின் என்ற இரு உருவங்களை வரைந்து காட்டினார். ஆண், பெண் உடல்களின் அளவுகளைத் திரட்டி, பொருளை உடலுக்கு ஏற்பச் செய்ய வேண்டும் என்பதை எல்லோருக்கும் விளங்கவைத்த உருவங்கள் அவை. உடலை எண்களாக்கிவிட்டால் வடிவமைப்புக்கு உறுதியான அடித்தளம் கிடைக்கும் என்பதே இந்த நிலைப்பாட்டின் சாரம்.

இந்தியக் காலணித் துறையில் இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு, சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கால் அளவு ஆய்வு. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, 79 இடங்களில், 1,01,880 பேரின் கால்கள் முப்பரிமாண ஸ்கேனர் கொண்டு அளக்கப்பட்டன. நாட்டின் ஐந்து பகுதிகளுக்கும் தனித்தனி அளவு முறை தேவைப்படலாம் என்பது தொடக்க ஊகம். தரவு அதை ஆதரிக்கவில்லை. ஒரே முறை போதும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். வயதையும் பாலையும் வைத்து எட்டுப் பிரிவுகள் கொண்ட முறைக்கு, பாரதத்தின் முதலெழுத்தை ஒட்டி, 'பா' என்று பெயர் முன்மொழியப்பட்டது. பரிந்துரை இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்குப் போனது.

ஆய்வு வெளிப்படுத்திய ஒரு செய்தி வடிவமைப்பாளருக்கு முக்கியமானது. பிரிட்டிஷார் விட்டுச்சென்ற அளவு முறை நீளத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்தியர்களின் கால்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிடப் பொதுவாக அகலமானவை என்பது கண்டறியப்பட்டது. அகலத்துக்காகப் பலர் தேவைக்கு மிஞ்சிய நீளமுள்ள காலணியை வாங்குகிறார்கள். பிறகு லேஸை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கிறார்கள். கடையில் 'எட்டாம் நம்பர்' கேட்பவரின் கால் எட்டாம் நம்பர் கால்தான் என்று எடுத்துக்கொண்ட விற்பனைக் கணக்குகள் எல்லாம் இதனால் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன.

அளவையின் பலவீனங்களும் பழமையானவை. 1952இல் அமெரிக்க விமானப்படைக்காக கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் அளவுகளை ஆராய்ந்தார். பத்து உடல் அளவுகளிலும் ஒருசேரச் சராசரியை ஒட்டி இருந்தவர் ஒருவர்கூட இல்லை. எட்டுப் பிரிவுகளாகச் சுருக்கும் எந்த முறைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தக்கூடும். மேலும், ஸ்கேனர் பார்ப்பது அசையாமல் நிற்கும் வெறுங்காலை. பகல் முழுதும் நின்றபின் வீங்கிய கால், மே மாத வெயிலில் வியர்த்த கால், ஈரத் தரையில் வழுக்கும் கால் ஆகியவை அதன் கணக்கில் வருவதில்லை. ஒரு நாளில் எத்தனை முறை காலணி கழற்றப்படுகிறது என்பதும் அதற்குத் தெரியாது.

இரண்டாம் நிலைப்பாடு: கேட்டால் சொல்வார்கள்

அணிபவர் வாய் திறந்து பேசக்கூடியவர். அவரையே கேட்டுவிட்டால் என்ன? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரச்சாரப் படங்களும் வானொலி நிகழ்ச்சிகளும் மக்களை எப்படித் தொட்டன என்று ஆராய்ந்த அனுபவத்திலிருந்து, ராபர்ட் மெர்டனும் பாட்ரிசியா கெண்டலும் 1946இல் குவிந்த நேர்காணல் முறையை விளக்கி எழுதினார்கள். சந்தை ஆய்வில் இன்று வழங்கும் குழு நேர்காணலின் முன்னோடிகளுள் ஒன்று அது. இதன் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியதே. செலவு குறைவு, முடிவு விரைவில் கைக்கு வரும், மேலாளருக்குக் காட்ட வாக்குமூலங்கள் கிடைக்கும்.

மிகக் கடுமையான மறுப்பு 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் இருவரிடமிருந்தும் வந்தது. அவர்கள் விவரித்த ஒரு சோதனையில், கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி நைலான் காலுறைகள் வரிசையாக வைக்கப்பட்டன. நான்கும் ஒரே மாதிரியானவை. ஆனால் வலக்கோடியில் இருந்ததையே மிகப் பலர் சிறந்தது என்றார்கள். காரணம் கேட்டபோது பின்னலையும் மென்மையையும் சொன்னார்கள். வைத்திருந்த இடத்தைக் காரணமாகச் சொன்னவர் யாருமில்லை. மக்கள் பொய் சொல்கிறார்கள் என்பது இதன் பொருளல்ல. தங்கள் தேர்வின் காரணம் பல சமயம் அவர்களுக்கே எட்டுவதில்லை.

இன்னும் ஆழமான எடுத்துக்காட்டு வேலூரிலேயே இருக்கிறது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்தார். சதை தானாக அழுகிவிடுகிறது என்ற பழைய எண்ணத்துக்கு மாறாக, உணர்ச்சி மரத்துப்போன காலில் தெரியாமல் விழும் அழுத்தமும் காயமுமே புண்ணுக்கு முக்கியக் காரணம் என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையம் உள்ளிட்ட இடங்களில், மைக்ரோ செல்லுலார் ரப்பர் உள்ளடி கொண்ட மென்மையான காலணிகள் இந்த அறிவிலிருந்து உருவாயின. இங்கே 'எங்கே கடிக்கிறது?' என்ற கேள்விக்கு இடமே இல்லை. கடிப்பது தெரியாததுதான் நோய். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மையத்தில் பிராண்ட், அழுத்தம் பட்ட இடத்தில் உடைந்து சாயம் கசியும் நுண்குமிழ்கள் கொண்ட மெல்லிய காலுறையை நோயாளிகளுக்கு அணிவித்து நடக்கவிட்டார். வாய் சொல்ல முடியாததைச் சாயக் கறை சொன்னது.

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றுகிறது. கோயம்புத்தூரில் மலிவு விலை நாப்கின் செய்ய முயன்ற அருணாசலம் முருகானந்தத்தின் கதை பரவலாக அறியப்பட்டது. மனைவியும் சகோதரிகளும் வெளிப்படையாகப் பேசத் தயங்கினார்கள். மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் கொடுத்த கருத்துப் படிவங்களும் நம்பகமாக அமையவில்லை. கடைசியில் கால்பந்து பிளாடரில் விலங்கு ரத்தம் நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு அவரே பொருளைச் சோதித்தார். கூச்சமும் மரியாதையும் உள்ள இடத்தில் 'நல்லா இருக்குங்க' என்ற பதிலைத் தரவாக எடுத்துக்கொள்வதில் எப்போதும் ஆபத்து உண்டு.

மூன்றாம் நிலைப்பாடு: பார்த்தால் புரியும்

கேட்பதன் தோல்வியிலிருந்து, உடனிருந்து பார்க்கும் முறை வலுப்பெற்றது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தோடு மனிதர்கள் திண்டாடுவதைக் கவனித்த மானுடவியலாளர் லூசி சச்மன், திட்டத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியை 1987இல் நூலாக்கினார். 1997இல் டோரதி லெனார்டும் ஜெஃப்ரி ரேபோர்ட்டும், வாடிக்கையாளர் கேட்கத் தெரியாத தேவைகளை அவரது சொந்தச் சூழலில் கவனித்தே பிடிக்க முடியும் என்று வாதிட்டார்கள். மனிதர்கள் யோசிக்காமல் பொருள்களை வளைத்துக்கொள்ளும் சிறு செயல்களை ஜேன் ஃபுல்டன் சூரி 2005இல் ஒரு நூலாகவே தொகுத்தார்.

இந்த முறை தோல் வட்டாரத்தில் என்ன தரும் என்பதற்கு, வாணியம்பாடியில் ஏதேனும் ஒரு பள்ளிவாசலின் படிக்கட்டைத் தொழுகை நேரத்தில் பார்ப்பது போதும். ஐவேளைத் தொழுகைக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் காலணியைக் கழற்றுகிறார். ஒளு செய்யக் கணுக்கால்வரை கழுவுகிறார். ஈரம் முழுதும் உலரும் முன்பே திரும்பப் போடுகிறார். படியோரம் கிடக்கும் ஷூக்களில் லேஸ் முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருக்கும். பின்பக்கத் தோல் குதிகாலால் மிதிபட்டுத் தட்டையாக மடிந்து, கட்டுஷூ செருப்பாகிப் போயிருக்கும். கோயில் வாசலிலும் வீட்டு வாசலிலும் சில மருத்துவமனை வாசல்களிலும் இதே காட்சிதான். காலையில் கட்டி மாலையில் அவிழ்ப்பது என்ற ஐரோப்பிய நாளுக்காக எழுந்த வடிவம், நாளுக்குப் பத்து முறை கழற்றும் வாழ்க்கைக்கு வரும்போது இப்படித்தான் ஆகிறது.

உற்றுநோக்கலின் பெரிய வெற்றியாக ஜெய்ப்பூர் கால் அடிக்கடி சொல்லப்படுகிறது. 1960களின் இறுதியில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அதை உருவாக்கினார்கள். அப்போது கிடைத்த மேற்கத்தியச் செயற்கைப் பாதம் ஷூவுக்குள் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதை வைத்துக்கொண்டு குத்துக்கால் இட்டு உட்காரவும், சம்மணமிடவும், வயலில் வெறுங்காலோடு நடக்கவும் முடியவில்லை. நோயாளிகள் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்பினார்கள். ரப்பரால் ஆன புதிய பாதம் இந்த அன்றாடச் செயல்களைக் கணக்கில் எடுத்துப் பிறந்தது.

ஆனால் கண் பார்ப்பது காரணத்தை அல்ல, விளைவை. மிதித்து மடக்கிய பின்பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அடிக்கடி கழற்றுவதால் அப்படி ஆகியிருக்கலாம். பின்பக்கம் குதிகாலை உரசிப் புண்ணாக்கியதால் இருக்கலாம். கால் அகலத்துக்கு லாஸ்ட் பொருந்தாததால் கால் உள்ளே இறங்காமல் நின்றிருக்கலாம். முதல் காரணம் என்றால் லேஸ் இல்லாத வடிவம் வேண்டும். இரண்டாவது என்றால் மென்மையான பின்பக்கம். மூன்றாவது என்றால் லாஸ்டையே மாற்ற வேண்டும். ஒரே காட்சியிலிருந்து மூன்று யோசனைகள் கிடைக்கின்றன. எது சரி என்ற தீர்ப்பு அந்தக் காட்சியில் இல்லை.

பார்ப்பவர் யார் என்ற கேள்வியும் இங்கே வருகிறது. காலணி எங்கே தேய்கிறது, எங்கே பிய்கிறது என்பதை நாள்தோறும் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் தெருவோரம் செருப்புத் தைப்பவர்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு தேய்மானம் வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. எனினும் சாதி அந்தத் தொழிலின் மேல் ஏற்றிய இழிவு, அந்த அறிவையும் வடிவமைப்பு அறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. தமிழகக் கிராமங்கள் பலவற்றில் ஆதிக்க சாதித் தெரு வழியே தலித்துகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட வரலாறும் உண்டு. செருப்பு அணிவதே உரிமையின் அடையாளமாக இருந்த சமூகத்தில், காலணி அனுபவத்தைச் சௌகரியம் என்ற ஒரே அளவுகோலால் படிப்பது பாதி உண்மையைத் தவறவிடும்.

நான்காம் நிலைப்பாடு: சேர்ந்து செய்ய வேண்டும்

அணிபவரை ஆராய்ச்சிப் பொருளாக வைப்பதே தவறு, அவரைச் செய்பவராக ஆக்க வேண்டும் என்பது நான்காவது விடை. 1970களில் நார்வே உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கிறிஸ்டன் நைகார்ட் நடத்திய பணிகளில் இதன் வேர் இருக்கிறது. 1981 முதல் 1985 வரை நடந்த உட்டோப்பியா திட்டத்தில் அச்சுத் தொழிலாளர்கள், இன்னும் உருவாகாத கணினிக் கருவிகளை அட்டையாலும் மரத்தாலும் செய்த மாதிரிகளை வைத்து வேலை செய்து பார்த்து வடிவமைப்பில் பங்கெடுத்தார்கள். இன்னொரு புறம், அமெரிக்கப் பொருளியலாளர் எரிக் வான் ஹிப்பெல் 1986இல் முன்னோடிப் பயனர் என்ற கருத்தை முன்வைத்தார். மற்றவர்களுக்கு நாளை வரப்போகும் தேவை சிலருக்கு இன்றே வந்துவிடுகிறது. அவர்களே தீர்வையும் ஒட்டுப்போட்டு வைத்திருப்பார்கள். நிறுவனம் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பது அவர் வாதம்.

சேர்ந்து செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டவும் தொழுநோய்க் காலணியே உதவுகிறது. மருத்துவக் கணக்கில் அது சரியான காலணி. ஆனால் தனித்துத் தெரியும் அதன் தோற்றம் அணிந்தவரின் நோயை ஊருக்கு அறிவித்தது. அதனாலேயே பலர் அதை அணியத் தயங்கினார்கள் என்பது தொழுநோய்ப் பணியாளர்கள் நன்கறிந்த செய்தி. அழுத்தத்தை அளந்தவர்கள் அவமானத்தை அளக்கவில்லை. பிற்காலத்தில் சாதாரணச் செருப்புப் போலவே தோன்றும் வடிவங்களை நோக்கிப் பணி நகர்ந்தது.

இந்த நிலைப்பாட்டின் சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவில் வலுவான தொழிற்சங்கமும் வேலைநேரத்தில் பங்கேற்கும் உரிமையும் இருந்தன. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் வரிசையில் உட்காரும் பெண்கள், அப்பரின் ஒவ்வொரு தையலையும் கையால் அறிந்தவர்கள். எந்தத் தையல் கால்விரல் மேட்டில் உறுத்தும் என்று அவர்கள் சொல்லக்கூடும். ஆனால் நாளுக்கு இத்தனை ஜோடி என்ற இலக்கின் நடுவே அதைக் கேட்க நேரம் யார் ஒதுக்குவது, அந்த நேரத்துக்குக் கூலி யார் தருவது? பங்கேற்பவர்கள் மற்றவர்களுக்குப் பிரதிநிதி ஆவார்களா என்பதும் தீராத கேள்வி. முன்னோடிப் பயனரின் தேவை சில சமயம் அவருடைய தேவையாக மட்டுமே நின்றுவிடுகிறது.

ஐந்தாம் நிலைப்பாடு: கேட்காமல் முன்வைக்க வேண்டும்

மேற்சொன்ன நான்கையும் ஐயத்தோடு பார்க்கும் ஒரு நிலைப்பாடும் உண்டு. இத்தாலிய அறிஞர் ராபர்டோ வெர்கான்டி 2009இல், பெரும் மாற்றங்கள் பயனரை அணுகிப் பிறப்பவை அல்ல, ஒரு பொருளுக்குப் புதிய அர்த்தத்தை முன்வைப்பவர்களால் பிறப்பவை என்று வாதிட்டார். பயனர் மைய வடிவமைப்பின் முக்கியக் குரலாக இருந்த டொனால்டு நார்மனே 2014இல் அவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், பயனர் ஆய்வு இருக்கும் பொருளை மேம்படுத்தவே உதவும் என்று ஒப்புக்கொண்டார். அவர்கள் காட்டிய உவமையில், ஆய்வு நாம் நிற்கும் குன்றின் உச்சிக்கு வழிகாட்டும். அருகே அதைவிட உயரமான குன்று இருப்பதைச் சொல்லாது.

ஏற்றுமதிக் காலணித் தொழிலுக்கு இது பழகிய சிந்தனை. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று எனப் பருவத்துக்குப் பருவம் வரும் புது மாடல்கள், அணிபவரைக் கேட்டு வருவனவல்ல. ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வென்ற துணிச்சல்களையே நாம் நினைவில் வைக்கிறோம். விற்காமல் கழிவு விலைக்குத் தள்ளப்பட்ட மாடல்கள் எண்ணிக்கையில் வருவதில்லை. தோற்றால் இழப்பைத் தாங்கும் முதல் உள்ள நிறுவனத்துக்கும், ஒரு ஆர்டர் ரத்தானால் கூலி கொடுக்கத் தடுமாறும் சிறு கம்பெனிக்கும் இந்த அறிவுரை ஒன்றுபோலப் பொருந்தாது.

சோதனை: தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

யோசனை எந்த வழியில் வந்தாலும் அதைச் சோதிக்க வேண்டும். இதைத்தான் விவாதம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. கணினித் திரைகளைப் பொறுத்தவரை, ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்ற கருத்து, ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993இல் எழுதிய கட்டுரையை ஒட்டிப் பரவியது. திரையில் ஒரு பொத்தான் தெரியவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும். காலணியின் குறைகள் அந்த வேகத்தில் வெளிப்படுவதில்லை.

காலணிக்கு மூன்று அடுக்குச் சோதனைகள் உண்டு. ஆய்வகத்தில் இயந்திரம் காலணியின் அடிப்பகுதியை ஆயிரக்கணக்கான முறை வளைத்துப் பார்க்கும். தோல் கிழியும் வலிமையும் ஒட்டு விடும் வலிமையும் அளக்கப்படும். அடுத்து, சரியான அளவுக் கால் உள்ள ஒருவருக்குப் போட்டுப் பொருத்தம் பார்ப்பார்கள். மூன்றாவது, பலரிடம் கொடுத்துப் பல வாரங்கள் நடக்கவிட்டுத் திரும்ப வாங்கிப் பார்ப்பது. செலவும் காலமும் பிடிப்பதால் இந்த மூன்றாவதே முதலில் சுருக்கப்படும் அடுக்கு என்று கருத இடமுண்டு.

நீண்ட காலச் சோதனை முடிவையே மாற்றக்கூடும் என்பதற்கு ஒடிசாவில் புகை குறைந்த அடுப்புகள் பற்றி ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் நடத்திய ஆய்வு நல்ல சான்று. 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, முதல் ஆண்டில் புகை சுவாசிப்பது குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்தது. வீடுகள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. பழுதானபோது சரிசெய்யவும் இல்லை. ஆய்வகத்தில் வென்ற அடுப்பு சமையலறையின் அன்றாடத்தில் தோற்றது. முதலாண்டு முடிவோடு நின்றிருந்தால் அதை வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

காலணியில் கால அளவு இன்னும் நீளலாம். உதயபாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 13 வயதுவரையான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளைப் பார்த்தார்கள். காலணி அணிந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. விரல்களை மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. ஒரே காலகட்டத்தில் எடுத்த இந்தக் கணக்கைக் கொண்டு காரணத்தை உறுதியாக நிறுவிவிட முடியாது. ஆனாலும் கடையில் குழந்தை 'கடிக்கலை' என்று சொல்வதும், அந்த ஷூ பத்தாண்டுகளில் பாதத்தை என்ன செய்கிறது என்பதும் வேறு வேறு சோதனைகள் என்பது தெளிவு.

தோல் வட்டாரத்தில் கேள்வி எடுக்கும் வடிவம்

இந்த ஐந்து விடைகளும் ஒன்றை எழுதாமலே எடுத்துக்கொள்கின்றன: வடிவமைப்பவர் விரும்பினால் அணிபவரை எட்டிவிடலாம் என்பதை. ஏற்றுமதியை நம்பிய தொழிலில் அப்படி இல்லை. பையர், மொத்த விற்பனையாளர், கடை, இணையதளம் எனப் பல கைகள் இடையில் இருக்கின்றன. திரும்பி வரும் புகார்கூட 'ஒட்டு விட்டுவிட்டது' என்ற தரக் குறைபாடாகவே வருகிறது. அணிந்தவர் மழையில் நடந்தாரா, பின்பக்கத்தை மிதித்துப் போட்டாரா என்ற செய்தி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அந்த அறிவைப் பகிர்வதில் பையருக்கு ஆதாயம் இருக்கிறதா என்பதும் ஐயத்துக்குரியது. வடிவமைப்பு தன் கையில் இருக்கும்வரைதான் பேரம் பேசும் வலிமையும் அவர் கையில் இருக்கும்.

மறுபுறம், எளிதில் எட்டக்கூடிய பயனர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். டேனரியின் ஈரப் பகுதியில் சுண்ணாம்பு நீரிலும் ரசாயனத்திலும் நின்று வேலை செய்பவருக்கு ரப்பர் கம்பூட்ஸ் கொடுக்கப்படுகிறது. வெயில் காலத்தில் அதற்குள் கால் வெந்துபோகும். வழுக்கும் தரையில் அந்தக் கனம் நடையையும் மாற்றும். அணியாமல் விட்டால் அது தொழிலாளியின் அலட்சியமாகப் பதிவாகிறது. வடிவமைப்பின் பார்வையில் அதையே காலணி சோதனையில் தோற்றதாகவும் படிக்கலாம். தோலும் லாஸ்டும் தையலும் ஒரே சாலையில் கிடைக்கும் இடத்தில் இப்படி ஒரு காலணிக்கு ஏன் முயற்சிகள் அரிதாக உள்ளன என்பதற்குச் சந்தை அளவு ஒரு காரணமாக இருக்கலாம். வாங்குபவர் முதலாளி, அணிபவர் தொழிலாளி என்ற பிரிவும் காரணமாக இருக்கலாம்.

தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட காலணி மற்றும் தோல் பொருள்கள் கொள்கைக்குப் பிறகு, தோல் அல்லாத விளையாட்டுக் காலணி ஆலைகளுக்கான முதலீடுகள் மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்கு வருகின்றன. அங்கும் வடிவமைப்பு வெளியிலிருந்தே வரும் என்றால், ஆலைகள் பெருகுவதால் மட்டும் அணிபவரைப் பற்றிய அறிவு இங்கே பெருகிவிடும் என்று சொல்ல முடியாது.

மதிப்பீடும் எஞ்சும் கேள்விகளும்

யோசனை தேடும் கட்டத்தில் சிறு எண்ணிக்கையும் நெருங்கிய பார்வையும் போதுமானவை என்பதற்குச் சான்று ஓரளவு வலுவாக உள்ளது. ஒரு படிக்கட்டு, ஒரு செருப்புத் தைப்பவரின் கடை, ஒரு சாயக் கறை படிந்த காலுறை ஆகியவற்றிலிருந்து பயனுள்ள ஊகங்கள் பிறக்கின்றன. சோதிக்கும் கட்டத்தில் அதே முறைகள் போதவில்லை. அங்கே தேவைப்படுவது நீண்ட காலம், பல கால்கள், கழற்றி எறியும் சுதந்திரம் உள்ள பயனர். பெரிய அளவிலான கணக்கெடுப்பு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: தவறான அச்சை ஒதுக்க அது உதவும், சரியான காலணி எது என்று அது தானாகச் சொல்லாது.

தீராத கேள்விகள் குறைந்தது மூன்று. இந்திய அளவு முறை நடைமுறைக்கு வந்தால், அகலத்துக்காக நீளத்தை வாங்கும் பழக்கம் மறையுமா, அல்லது பழகிய எண்ணையே மக்கள் தொடர்ந்து கேட்பார்களா என்பது விற்பனைக் கணக்கால் மட்டும் தெரியாது. திரும்பிப் போய்க் கால்களைப் பார்க்க வேண்டியிருக்கும். பல வார அணிந்து பார்க்கும் சோதனையின் செலவை யார் ஏற்பது என்பது அடுத்தது. தனிக் கம்பெனிக்கு அது பாரம். கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கூட்டாக நடத்தும் வட்டாரத்தில் சோதனைக்கும் ஒரு பொது அமைப்பு சாத்தியமா என்பது ஆராயத்தக்கது. ஆனால் வடிவமைப்பு ரகசியத்தைக் காக்க விரும்பும் போட்டியாளர்கள் அதற்கு இணங்குவார்களா என்று இப்போதே சொல்ல இயலாது. மூன்றாவது, செருப்புத் தைப்பவரும் தையல் வரிசைப் பெண்ணும் அறிந்தவை வடிவமைப்புக்குள் வந்தால், அந்த அறிவுக்கான பெயரும் பங்கும் அவர்களுக்குப் போகுமா என்பது. முதல் இரண்டுக்கும் ஆய்வு முறைகள் விடை தரக்கூடும். மூன்றாவதற்கான விடை தொழிலின் கூலி, உரிமை, அதிகாரம் ஆகியவற்றைச் சார்ந்தது. வடிவமைப்பு நூல்கள் இதுவரை அதை ஓரத்திலேயே வைத்திருக்கின்றன.